கிரகணம் தேடிச் சென்ற பயணம்



முழுச் சூரிய கிரகணத்தைக் காண்பதற்கென்றே ஊர்விட்டு ஊர் செல்வது வீண் செலவு என்போர் நம்மில் உண்டு. பூமியில் ஓரிடத்தில் நிகழ்ந்த முழுக் கிரகணம் அதே இடத்தில் மீண்டும் நிகழச் சராசரியாக 375 ஆண்டுகள் ஆகும் என்பது வானியலாரின் கணக்கு. வீட்டு வாசலில் காத்திருந்தால் பேரன் பேத்திகளுக்கும் அது வாய்ப்பது அரிது. பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. ஆகவே பயணம் கூடுமா என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அங்கு சென்று என்ன செய்வது என்பதே பேச வேண்டிய செய்தி.

2009 ஜூலை 22 அன்று இந்நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம் சூரத், போபால், வாரணாசி, பாட்னா வழியாகக் கடந்தது. மதரஸாவின் இளம் ஆசிரியர்களும் மேல்வகுப்பு மாணவர்களுமாக ஒன்பது பேர், மூத்த உஸ்தாதான எங்கள் ஹஸ்ரத்தின் தலைமையில் பாட்னாவுக்கு அருகிலுள்ள தாரெக்னாவுக்குப் புறப்பட்டோம். ரயிலில் இரண்டு இரவுகள். ஆரியபட்டர் வானை ஆராய்ந்த இடம் என்று மக்கள் சொல்லிவரும் அந்தச் சிற்றூரில் அன்று ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தனர். எங்கள் உருது அரைகுறை. ஆயினும் ஊர்ப் பள்ளிவாசலில் இடம் தந்து, சத்துமாவு அடைத்த லிட்டியும் தேநீரும் தந்து உபசரித்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.

ஃபஜ்ரு தொழுதுவிட்டு வயல்வெளிக்கு வந்தபோது வானம் முழுவதும் மேகம். பருவமழைக் காலத்தில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? கிரகணம் ஐந்தரை மணியளவில் தொடங்கும் என்று அட்டவணை சொன்னது. மாணவர் ஒருவர் கடிகாரத்தைக் காட்டி, “ஹஸ்ரத், கிரகணம் பிடித்துவிட்டது, தக்பீர் கட்டலாமே” என்றார். “கணக்கு தெரிகிறது தம்பி, கிரகணம் தெரியவில்லையே” என்றார் ஹஸ்ரத்.

அது பிடிவாதம் அன்று. கிரகணம் பிடித்ததா இல்லையா என்று மேகத்தால் ஐயம் ஏற்பட்டால், உறுதியாகும் வரை தொழக்கூடாது என்பதும், கணிப்பாளர் சொல்லை மட்டும் கொண்டு தொழுகையைத் தொடங்கலாகாது என்பதும் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் கூறும் சட்டம். இன்றைய வானியல் அந்தக் காலத்துச் சோதிடம் போன்றதன்றே என்று எங்களுள் சிலர் வாதிட்டோம். ஹஸ்ரத் மறுக்கவுமில்லை, இணங்கவுமில்லை. தஸ்பீஹை உருட்டியபடி மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் அப்படியே கழிந்தது. இவ்வளவு தூரம் வந்தும் கிரகணத்தைக் காணாமல், அதற்குரிய தொழுகையும் இல்லாமல் திரும்ப நேருமோ என்ற கலக்கம் அனைவர் முகத்திலும் இருந்தது.

காலை 6.24. மேற்கிலிருந்து ஓர் இருள் மேகத்தின் அடியில் படர்ந்து வந்து எங்களை மூடிற்று. காகங்கள் கரைந்துகொண்டு மரங்களுக்குத் திரும்பின. கூட்டம் கூச்சலிட்டது, விசில் பறந்தது. “அஸ்ஸலாத்து ஜாமிஆ” என்று ஹஸ்ரத் உரக்க அழைத்தார். ஈரத் தரையில் விரித்த போர்வைகளின் மீது அணிவகுத்தோம். சூரிய கிரகணத் தொழுகையில் இமாம் மெதுவாக ஓதுவதே எங்கள் மத்ஹபு. ஆதலால் அந்த இருளில் கிராஅத்தின் ஓசை இல்லை. தவளைகளின் ஒலியும் தொலைவில் மக்களின் ஆரவாரமும் மட்டுமே. முதல் ருகூவிலிருந்து நிமிர்ந்தபோது வெளிச்சம் திரும்பியிருந்தது. இரண்டாம் நிலையில் மீண்டும் ஓதி, மீண்டும் ருகூஉ செய்து, பிறகே ஸஜ்தாவுக்குச் சென்றோம்.

தொழுகைக்குப் பின் ஹஸ்ரத் நிகழ்த்திய குத்பா, நபி (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் (ரழி) மறைந்த நாளைப் பற்றியது. அன்று கிரகணம் பிடித்தது. வானியலார் அதை 632 ஜனவரி 27 என்று கணிக்கின்றனர். குழந்தையின் மரணத்திற்காகவே சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசினர். துயரத்திலிருந்த தந்தைக்கு அதைவிட ஆறுதலான பேச்சு வேறென்ன? ஆனால் எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்கள் அறிவித்தார்கள்.

ஒரு மாணவர் மட்டும் திரும்பும் ரயிலில் அழுதார். சூரியனைச் சுற்றி ஒளிரும் கரோனாவைக் காண வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

இப்போது 2027 ஆகஸ்ட் 2 நெருங்குகிறது. தென் ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, ஜித்தா, மக்கா வழியே செல்லும் அக்கிரகணம், எகிப்தின் லக்ஸரில் ஆறு நிமிடங்களுக்கு மேலும் மக்காவில் சுமார் ஐந்து நிமிடங்களும் முழுமையாக நீடிக்கும். மேகம் அரிதான நிலம் அது. லக்ஸருக்குப் பயணக் குழுக்கள் ஆள் சேர்த்துவருகின்றன. செல்வோர் கவனிக்க: முழுமைக்கு முன் ஒரு மணி நேரத்திற்கும் மேலாகப் பகுதிக் கிரகணம் இருக்கும். அப்போதே தொழுகையை நிறைவேற்றிவிட்டு, முழு இருளின் நிமிடங்களில் திக்ரோடு வானை நோக்கலாம் என்பது எங்கள் கருத்து. ஹஸ்ரத் இன்று இருந்தால் உடன்படுவாரா என்று சொல்வதற்கில்லை. கிரகணம் கண்டு பதறி, மேலாடை தரையில் இழுபட விரைந்த நபியைப் பற்றியே அவர் பேசுவார். விசிலடிக்கும் கூட்டத்தின் நடுவே நமக்கும் அந்த நினைவு வேண்டும்தான். முழுமை அல்லாத நேரத்தில் தக்க கண்ணாடியின்றிச் சூரியனைப் பார்க்க வேண்டாம். பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். ஆயிஷா (ரழி), அஸ்மா (ரழி) ஆகியோர் கிரகணத் தொழுகையில் நின்றதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

ரயிலில் அழுத மாணவர் இன்று ஓர் ஊரில் இமாமாக இருக்கிறார். மாதந்தோறும் சிறு தொகை சேர்த்துவருகிறார். இன்ஷா அல்லாஹ், மனைவியோடு உம்ராவுக்குச் சென்று அந்நாளில் மக்காவில் இருப்பது அவருடைய நிய்யத்.