முதலில் வினாத்தாள்

கருத்துரு எழுதுவதெல்லாம் ஒரு வேலையா, டெம்ப்ளேட்டை நிரப்பினால் முடிந்தது என்று துறையில் இளையவர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஓய்வுபெற்றவன் காதில் விழட்டும் என்றே பேசுகிறார்களோ என்னவோ. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கான சான்றிதழ், பட்டயப் படிப்புகளுக்குக் கருத்துரு எழுதியே நரைத்தவன் நான். பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, ஆட்சிக் குழு என்று மூன்று படி ஏற்றி ஒரு மொழிப் படிப்பைக் கரைசேர்ப்பது டெம்ப்ளேட் வேலைதான் என்றால், அதில் எந்தக் கட்டத்தை முதலில் நிரப்புவது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘நோக்கங்கள்’ என்பார்கள்.

நோக்கத்தில் யாரும் தோற்பதில்லை. தோற்பது மணிக்கணக்கில். நான்கு கிரெடிட் தாளை முழுக்க எல் பத்தியில், அதாவது விரிவுரையாக, போட்டால் பருவத்துக்கு 60 மணி நேரம். அதையே எல் 2, பி 2 என்று பிரித்தால் செய்முறைக்கு இரட்டிப்பு நேரம் கிடைத்து 90 ஆகும். மொழிக்கு ஏதய்யா செய்முறை, அது வேதியியல்காரர்கள் வாங்குவதல்லவா என்று கேட்க எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். வகுப்பில் 40 பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் பேசிப் பழக ஆளுக்கு ஒன்றரை நிமிடம். ஆசிரியர் வாயே திறக்காவிட்டால்தான் அதுவும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு, அலுவல் நடத்தும் அளவுக்குத் தமிழ் வர, 44 வாரம், 1100 வகுப்பு மணி என்று கணக்கு வைத்திருக்கிறது. அவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு அதையே வேலையாகப் படிக்கிறவர்கள். நாமோ 60 மணியில் ‘சரளமாக உரையாடுவர்’ என்று எழுதிக் கையெழுத்தும் போடுகிறோம்.

எனக்கு இந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்தவர் என் பேராசிரியர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தவர். பேச்சில் சிக்கனம், சிவப்பு மையில் தாராளம். முதன்முதலில் நான் கொண்டுபோன வரைவை அவர் புரட்டவே இல்லை. “தம்பி, வினாத்தாள் எங்கே?” என்றார். படிப்புக்கே இன்னும் ஒப்புதல் வரலையே ஐயா என்றேன். “நவம்பர் கடைசியில அந்தப் பையன் என்ன செய்வான்னு தெரியாம, ஜூலைல என்னத்தைச் சொல்லிக்கொடுப்பே?”

அவர் கேட்டது ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் தாளை அல்ல. கோவையில் படிக்கும் ஒடிசா மாணவன் காந்திபுரம் பேருந்து நிலையத்தில் நிற்கிறான். ஊட்டிக்குப் போக வேண்டும். ஊட்டி பஸ் எங்கே என்று கேட்க மனப்பாடமே போதும். “இங்க நிக்காதுங்க, மேட்டுப்பாளையம் ரோடு ஸ்டேண்டுக்குப் போயிருங்க” என்று பதில் வரும்போதுதான் அவன் படித்த லட்சணம் தெரியும். அந்தப் பதில் புரிய என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், அதில் எது எந்த வாரத்துப் பாடம் என்று பதினைந்தாம் வாரத்திலிருந்து முதல் வாரத்துக்குப் பின்னோக்கி எழுதிவரச் சொல்வார். பாதி வழியிலேயே வாரம் தீர்ந்துபோகும். “அப்ப நோக்கத்தைக் குறை” என்பார். குழுவிடம் நேரம் கேட்கும் முன் நம் ஆசையை வெட்ட வேண்டும் என்பது அவர் சட்டம். ‘சரளமாக’ என்று எங்காவது கண்டால் அவர் பேனா தாளைக் கிழித்துவிடும்.

அந்தக் காந்திபுரத்துப் பதில்தான் பிறகு பாடத்திட்டக் குழுவில் கலகம் மூட்டியது. கொச்சைத் தமிழைப் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுப்பதா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். அவர் அதைக் கேட்டதும் அதே கொச்சையில்தான். பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் விலகி நிற்கும் மொழிச் சமூகங்களைப் பற்றி மொழியியலாளர் ஃபெர்குசன் 1959இலேயே எழுதிவிட்டார். பேச்சுத் தமிழுக்கென்றே ஷிஃப்மன் எழுதிய இலக்கணத்தைக் கேம்பிரிட்ஜ் 1999இல் வெளியிட்டது. இதையெல்லாம் குழுவில் சொன்னால் வெள்ளைக்காரன் சொன்னால்தான் கேட்பீர்களா என்று திரும்பி வரும். என் பேராசிரியர் வாதாடச் சொல்லவில்லை. “எழுத்து வழக்கை எல் பத்தியில வை, பேச்சைப் பி பத்தியில வை. தலைப்பு ‘அன்றாடத் தகவல்தொடர்பு’ன்னு போடு” என்றார். ஒரு வார்த்தை பேசாமல் நிறைவேற்றினார்கள்.

இப்போதைய கருத்துருக்களில் கே1 முதல் கே6 வரை அறிவு நிலைகள் அழகாக அணிவகுத்து நிற்கின்றன. பாட விளைவைப் படிப்பு விளைவோடு பொருத்தும் சிஓ-பிஓ அட்டவணையில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கட்டத்திலும் உச்ச மதிப்பான 3. அண்மையில் வெளி வல்லுநர் கருத்துக்காக என்னிடம் வந்த ஒன்றில், மாணவர்கள் ‘பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ஆர்ட்டிகிளைப் பாலறிந்து பயன்படுத்துவர்’ என்றிருந்தது. தமிழில்! எங்கோ பிரெஞ்சுக்கு எழுதியதில் மொழியின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதற்கு முன்பே ஒரு குழு அதைப் படித்து, ‘ஏற்கலாம்’ என்றும் எழுதியிருந்தது.

கடைசியில் நிதிப் பக்கம். ‘இப்படிப்பால் பல்கலைக்கழகத்துக்குக் கூடுதல் நிதிச்சுமை ஏதுமில்லை’ என்ற வரி இல்லாமல் எந்தக் கோப்பும் நிதி அலுவலர் மேசையைத் தாண்டாது. புதுப் பணியிடம் கேட்க மாட்டோம், உதவிப் பேராசிரியரின் வாரம் 16 மணி நேரத்துக்கு மேல் இதையும் ஏற்றுவோம், முடியாவிட்டால் மணிக்கூலிக்கு ஆள் பிடிப்போம் என்பதுதான் அதன் உட்பொருள். பேச்சுப் பயிற்சிக் குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது என்று நான் எழுதும் வரியை நிதிப் பிரிவு தவறாமல் அடித்துவிடும். குழு இரண்டானால் ஆசிரியரும் இரண்டு பேர் வேண்டுமே. நான் அதைப் பின்னிணைப்புக்குக் கொண்டுபோய்விடுவேன். பின்னிணைப்பை யாரும் படிப்பதில்லை. ஆனால் ஒப்புதல் ஆணையில் ‘இணைப்புகள் உட்பட’ என்று வந்துவிடும். பிறகு 40 பேரை ஒரே அறையில் அடைக்கச் சொன்னால் அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டுவோம்.

இப்போது எல்லாம் இணையவழிப் படிவமாம். அதில் பின்னிணைப்புக்கு இடமே வைக்கவில்லை. கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.