புல்லட் பிழைத்த ஊரின் வாசல் பட்டறைகள்

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தள்ளுவண்டிக்காரர் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் ஏதாவது தேறும். திருவொற்றியூரின் உள்தெருக்களில் அவருக்கு அவ்வளவாகத் தேறாது. கட்டிலுக்கு அடியில் ஒரு கியர்பாக்ஸ் கிடக்கும். பரணில் இரண்டு மட்கார்டு, மாடிப்படி மறைவில் சாக்குச் சுற்றிய சிலிண்டர். அதெல்லாம் குப்பையில்லை என்று அந்த வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். தூக்கிப் போடு என்று சொல்வதற்கு முன்னால், இது எந்த வண்டிக்கு என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். அப்படிக் கேட்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிய, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு ஒருமுறை போய்வர வேண்டும்.

ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்துதான் 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அங்கிருந்து வடக்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகம், தண்டையார்பேட்டை, பிறகு தியாகராஜர் கோயிலும் கடலோரத்தில் பட்டினத்தார் அடங்கிய இடமும் உள்ள திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர். 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது. ஆனாலும் இந்தச் சாலையைத் தெரிந்துகொள்ள இருசக்கர வண்டிதான் சரி. கன்டெய்னர் டிரெய்லர்களின் வரிசைக்கு நடுவே போகும்போதுதான் இது துறைமுகத்தை நம்பி வாழும் ஊர் என்பது உறைக்கும்.

வண்டித் தொழில் இங்கே வந்த வரிசையைச் சொல்லிவிடுகிறேன். 1946இல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியவர் கே. எம். மம்மன் மாப்பிள்ளை. அதுதான் பிறகு எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி ஆனது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் பிறந்தது. அதன் எண்ணூர் ஆலையில் முதலில் பூட்டியது லாரி இல்லை, ஆஸ்டின் ஏ40 கார். இங்கிலாந்தின் லேலண்டோடு கைகோத்த பிறகு 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. அதே 1955இல், மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. நம் ராணுவம் கேட்டிருந்த 350 சி.சி. புல்லட்தான் அதற்கு அச்சாரம். திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970களின் தொடக்கத்துக்குள் இங்கிலாந்தில் என்ஃபீல்டே நின்றுபோனது. தாய் போன பிறகும் பிள்ளை திருவொற்றியூரில் பிழைத்தது. 1977இலிருந்து இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் கப்பலேறியது.

இந்த ஆலைகளில் லேத் ஓட்டியவர்களும் ஃபிட்டர்களும் வெல்டர்களும் இதே தெருக்களில் குடியிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும்போது அவர்கள் ஸ்பானரைக் கொண்டுவரவில்லை. கைப்பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அது மகனுக்கும் மருமகனுக்கும் எதிர்வீட்டுப் பையனுக்கும் போனது. புல்லட் உற்பத்தியின் பெரும்பங்கு 2013இல் ஒரகடத்துக்கும், 2017இல் வல்லம் வடகாலுக்கும் நகர்ந்துவிட்டது. கைப்பழக்கம் நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தேரடிப் பக்கம் ஒரு சந்துக்குள் போனேன். கோலத்தைக் கலைக்காமல் ஒதுக்கி, வாசலில் ஒரு வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் நின்றது. பழைய மாடல், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். தினத்தாளை விரித்து, கழற்றிய வரிசையிலேயே பாகங்களை இடமிருந்து வலமாக அடுக்கியிருந்தார்கள். ஓர் அட்டையில் கவரின் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, போல்ட் இருந்த இடங்களில் ஓட்டை போட்டு, அந்தந்த போல்ட்டை அதிலேயே செருகியிருந்தார்கள். நீளமும் குட்டையும் மாறாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அலுமினியத் தட்டில் மண்ணெண்ணெய், பக்கத்தில் ஒரு பழைய டூத்பிரஷ்.

ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பேரன் குந்தியிருந்தான். டேப்பட் கவர் திறந்திருந்தது. எஞ்சின் ராத்திரி முழுக்கக் குளிர்ந்தது. பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில் நின்றது.

"ராடை ரெண்டு விரலால சுத்திப் பாருடா. லேசா சுத்தணும். மேல கீழ ஆடக் கூடாது."

"ஆடல தாத்தா. கொஞ்சம் இறுக்கமா இருக்கு."

"அப்ப லாக் நட்டை இளக்கி இன்னொரு தரம் பாரு. சூடா இருக்கறப்ப இதைத் தொடவே கூடாது."

ஃபீலர் கேஜ் தேவைப்படவில்லை. இந்த எஞ்சினின் புஷ்ராடுக்கு இடைவெளி கிடையாது, விரல்தான் அளவு. அடுத்தது காண்டாக்ட் பாயிண்ட். சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைக் கிழித்து பாயிண்டுகளின் நடுவே வைத்தார். பேரன் எஞ்சினை மெதுவாகத் திருப்பினான். தாள் பிடியிலிருந்து நழுவும் கணம்தான் பாயிண்ட் திறக்கும் கணம். பிஸ்டன் உச்சியைத் தொட இன்னும் 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது அது நடக்க வேண்டும். மூன்று முறை திருத்திய பிறகு சரியாக நழுவியது. பெரியவர் தலையைக்கூட ஆட்டவில்லை; அடுத்த ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார்.

இந்த வண்டியை உதைப்பதும் ஒரு வித்தை. ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்தபடி கிக்கரை மெல்ல அமுக்க வேண்டும். முள் நடுவுக்கு வந்தால் பாயிண்ட் திறந்திருக்கிறது என்று பொருள். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே முழு உதை. அவசரப்பட்டால் எஞ்சின் திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கியவர்கள் இந்த ஊரில் நிறைய.

பாகங்கள் எங்கிருந்து வருகின்றன என்றால், எல்லோரும் சொல்வது புதுப்பேட்டை. எழும்பூருக்கும் கூவத்துக்கும் இடையில், கழற்றிய வண்டிகளின் கதவும் பம்பரும் எஞ்சினும் மலையாகக் குவிந்த தெருக்கள். திருவொற்றியூர்க்காரர் ஒருவர் அங்கே போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி நான் பார்த்ததில்லை. வடசென்னையிலேயே சின்னச் சின்னக் காயலான் கடைகளும் உண்டு. காயல்பட்டினத்திலிருந்து வந்து இந்தத் தொழிலில் இறங்கிய வணிகர்களை வைத்து அமைந்த பெயர் அது என்பார்கள். கடைக்காரரை பாய் என்றோ அண்ணாச்சி என்றோ கூப்பிட்டு, "புல்லட் ஹப் கிடைக்குமா" என்றால், குவியலைப் பார்க்காமலே கையை விட்டு எடுத்துத் தருவார்.

எதைப் பழசாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதில் வாசல் பட்டறைக்காரர்கள் கறாரானவர்கள். அவர்களோடு நானும் முழுக்க ஒத்துப்போகிறேன். வார்ப்பும் தகடும் பழசாக இருக்கலாம்: ஹப், டேங்க், மட்கார்டு, செயின் கவர், பல் தேயாத கியர். பிரேக் ஷூ, கேபிள், பேரிங், ரப்பர், டயர் இவை புதிதாகத்தான் இருக்க வேண்டும். உயிரோடு சம்பந்தப்பட்டதில் சிக்கனம் கூடாது. கிராங்க்கேஸ் வாங்கினால் இரண்டு பாதியும் ஒரே எஞ்சினுடையதாக இருக்க வேண்டும். ஜோடியாகக் கடைந்தவை அவை. வலது பாதியை ஒரு கடையிலும் இடது பாதியை இன்னொரு கடையிலும் வாங்கிச் சேர்த்தால் பேரிங் நேர்கோட்டில் நிற்காது. எஞ்சின் நம்பரும் கிராங்க்கேஸில்தான் இருக்கும். அதைச் சுரண்டியிருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிட வேண்டும். எஞ்சினையே மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும். இதைச் சோம்பி விட்டவர்கள் பிறகு காவல் நிலைய வாசலில் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

இந்த ஊரில் வண்டிக்கு முதல் எதிரி உப்பு. கடற்காற்று ஒருபக்கம், காசிமேட்டு மீன் வண்டிகளில் அதுவும் போதாதென்று ஐஸ் உருகிய உப்புநீர் ராப்பகலாகச் சொட்டும். சேஸிஸுக்கு மேலிருந்தே துரு இறங்கும். அதனால் அங்கே தளத்தகட்டை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிப்பது மழைக்கு முன் கூரை மாற்றுவது போல வழக்கமான வேலை. துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகள் பலவற்றில் ஓடுவதும் லேலண்ட் எஞ்சின்தான். எண்ணூரில் பிறந்த எஞ்சினைக் காசிமேட்டு மெக்கானிக் கடலில் நின்றுகொண்டு பிரிக்கிறார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவுக்குத் தெரு வண்டிகள் மூழ்கின. வெள்ளம் வடிந்த மறுநாள் பதறிப்போய் உதைத்தவர்கள்தான் எஞ்சினை இழந்தார்கள். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தெரிந்தவர்கள் முதலில் பிளக்கைக் கழற்றினார்கள், பிறகு ஆயிலை வடித்தார்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. புது ஆயில் ஊற்றிச் சிறிது ஓட்டி, அதையும் வடித்து, மறுபடி ஊற்றினார்கள். கார்புரேட்டர் கிண்ணத்தையும் டேங்கின் அடியையும் வடித்தார்கள். பெட்ரோலுக்குக் கீழேதான் தண்ணீர் தங்கும். அந்த வாரம் முழுக்கப் பல வாசல்களில் இது நடந்தது. பக்கத்து வீட்டு வண்டிக்குக் கூலி வாங்காமல் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

அதே வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்தது. மீனவர்களின் வலையும் படகும் கறுத்தன. அதைக் கண்ணால் பார்த்த ஊரில், வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவதை இன்னும் சிலர் விடவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. நம் சாக்கடை பக்கிங்காம் கால்வாய்க்கும், கால்வாய் அதே கழிமுகத்துக்கும் போகிறது. வாசல் பட்டறையின் பெருமை பேசும் எவரும் இந்த ஒன்றில் சாக்குச் சொல்லக் கூடாது. கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்கும் ஆளிடம் கொடுக்க வேண்டும்.

பழையதைப் பிரித்துப் பூட்டும் திறமை எவ்வளவு பெரியது என்று கேட்பவர்களுக்கு நான் யாழ்ப்பாணத்தைச் சொல்வேன். போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை விழுந்து பெட்ரோல் அருகிப்போனபோது, அங்கே ஆஸ்டின் ஏ40களையும் மோரிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். துளி பெட்ரோலைக் காட்டிக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. எண்ணூரில் முதலில் பூட்டிய அதே ரகக் கார், பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு ஆள் கொண்டுபோனது. இறக்குமதிப் பாகம் எதுவும் இல்லாமல், ஒரு காரைக் கழற்றி இன்னொரு காருக்கு உயிர் கொடுத்தார்கள்.

அந்தத் திறமைக்கு இங்கேயும் இடமிருக்கிறது: நம் சட்டம் 15 ஆண்டு தாண்டிய சொந்த வண்டியை ஒழித்துவிடு என்று சொல்லவில்லை. தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டாக ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். ஆனால் 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் பைக்குக்கு 300 ரூபாயிலிருந்து 1,000 ஆகவும், காருக்கு 600இலிருந்து 5,000 ஆகவும் ஏறியது. 2021இல் பழைய வண்டி அழிப்பு மையங்களுக்கான விதிகளும் வந்தன. புகை கக்கும் வண்டி போகத்தான் வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பலையும் மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் புகையையும் சுவாசிக்கும் மக்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பராமரித்த வண்டியையும் கவனிப்பாரற்ற வண்டியையும் பிறந்த வருஷம் பார்த்து ஒன்றாகத் தள்ளுவது சரியில்லை. அழிப்பு மையங்களில் கழற்றும் நல்ல பாகங்கள், எந்த வண்டியிலிருந்து வந்தவை என்ற பதிவோடும் பில்லோடும் இந்தத் தெருக்களுக்கு வர வேண்டும். அது நடந்தால் திருட்டுப் பாகம் என்ற பழி புதுப்பேட்டையை விட்டு நீங்கும். வாங்குகிறவனும் நிம்மதியாகத் தூங்குவான்.

உங்கள் வீட்டு மூலையில் அப்பா ஓட்டிய வண்டி ஒன்று துணி மூடிக் கிடந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அதன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சிலிண்டரில் சில சொட்டு ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அமுக்கிப் பாருங்கள். அசைந்தால் பாதி வேலை முடிந்தது. பாகம் வாங்கக் கிளம்பும்போது பேரையும் மாடலையும் மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தையே பையில் போட்டுக் கொண்டுபோய்க் கடைக்காரர் கையில் கொடுங்கள்.