ஒரு கார்ட்டன் சிகரெட்டும் சாங்கி ஏர்போர்ட்டும்

சிங்கப்பூர் போய் வந்தவர்கள் எழுதுகிற கட்டுரை என்றால் சூயிங்கம் தடை வரும், குப்பை போட்டால் அபராதம் வரும், முஸ்தபா கடை வரும். நானும் எல்லாவற்றையும் பார்த்தேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் கண்ணிலேயே நிற்பது, சாங்கி ஏர்போர்ட்டில் பெட்டி எடுக்கிற இடத்துக்கும் வெளிக்கதவுக்கும் நடுவே இருக்கிற இருபதடித் தரைதான். நான் படித்த பி.காம். எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று அந்த இருபதடியில் தெரிந்துபோயிற்று.

2019 மார்ச். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் அப்பாவின் முதல் வருஷ திதி முடிந்த கையோடு பெரியப்பா போன் பண்ணினார்.

"தம்பி, டிக்கெட் போட்டிருக்கேன். ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போ." கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கி, "வரும்போது கோல்டு பிளேக் ஒரு கார்ட்டன் வாங்கிட்டு வா. பெரியம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

தூக்கிவாரிப் போட்டது. பெரியப்பாவுக்கு எழுபத்தேழு வயசு. பைபாஸ் ஆகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதனால்தான் கூடப் பிறந்த தம்பியின் சாவுக்கே அவரால் வர முடியவில்லை. இந்த நிலைமையில் சிகரெட்டா? முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. என் காலேஜ் பீஸ் மூன்று வருஷமும் அவர் அனுப்பிய வெள்ளி. டிகிரிக்கே பணம் கட்டிய மனுஷனிடம் சிகரெட் வாங்கித் தர மாட்டேன் என்று எப்படி ஸார் சொல்வது?

பெரியப்பா 1962-ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். அந்தக் காலத்தில் சாமான் வருகிற திசை ஒன்றுதான், அங்கிருந்து இங்கே. கோடாலித் தைலம், நைலக்ஸ் புடவை, ட்ரான்சிஸ்டர், அப்புறம் 555 சிகரெட். ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு ஆளுக்கு ஒன்று என்று எண்ணிக் கொடுப்பார். வாங்கியவர் உடனே பற்றவைக்க மாட்டார். காதில் செருகிக்கொண்டு டீக்கடை வரைக்கும் ஒரு ஊர்வலம் போய் வந்த பிறகுதான் தீப்பெட்டியைத் தேடுவார். கொண்டுவர மறந்தவர்களுக்கு மெட்ராஸில் பர்மா பஜார் இருந்தது. அங்கே வாங்கி, 'சிங்கப்பூர் சாமான்' என்று சொந்தக்காரர்கள் தலையில் கட்டியவர்களை எனக்கே தெரியும்.

இப்போது சிங்கப்பூர்க்காரர் நம்ம ஊர் சிகரெட்டுக்கு ஆர்டர் கொடுக்கிறார். வாங்கிப் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்தேன்.

நான் ஒன்றும் யோசிக்காமல் கிளம்பவில்லை. நம் நாட்டில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர் 200 சிகரெட் வரி இல்லாமல் கொண்டுவரலாம் என்று இருந்தது. 2014 பட்ஜெட்டில் அதை 100 ஆக்கினார்கள். ஆக, எல்லா நாட்டிலும் ஏதோ ஒரு கோட்டா இருக்கும் என்பது என் கணக்கு. டபுள் என்ட்ரி படித்தவன் புத்தி அப்படித்தான் போகும். இந்தப் பக்கம் பற்று இருந்தால் அந்தப் பக்கம் வரவு இருந்தே ஆக வேண்டும்!

சாங்கியில் இறங்கினேன். சில பலகைகளில் தமிழைப் பார்த்ததும் சொந்த ஊருக்கு வந்த தைரியம் வந்துவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு பார்த்தால் இரண்டு வழி. பச்சை, சிவப்பு. சிவப்பு வழியில் ஒருவரும் இல்லை. கூட்டம் போகிற பக்கம் போவதுதானே நம் பழக்கம்? பச்சையில் நுழைந்தேன்.

"தம்பி, கொஞ்சம் இப்படி வாங்க."

யூனிபாரம் போட்ட ஒரு அம்மா. தமிழ்க்காரர். பெட்டி எக்ஸ்ரே மெஷினுக்குள் போனது. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"சிகரெட் இருக்கா தம்பி?"

"இருக்குங்க. பெரியப்பாவுக்கு கிஃப்ட்."

"கிஃப்ட்டா இருந்தாலும் சொல்லணும். ஒரே ஒரு குச்சி இருந்தாலும் சொல்லணும். இங்க சிகரெட்டுக்கு ஃப்ரீயே கிடையாது."

ஒரு குச்சி! இதுதான் ஸார் நான் படிக்காத பாடம். நமக்கு பாக்கெட்தான் கணக்கு, கார்ட்டன்தான் கணக்கு. சிங்கப்பூரில் குச்சி குச்சியாக எண்ணுகிறார்கள். பிரித்த பாக்கெட்டில் மிச்சம் நாலு இருந்தால் அந்த நாலுக்கும் வரி. 2018-ல் குச்சிக்கு 42.7 காசு என்று வைத்தார்கள்; 2023-ல் அதை 49.1 காசாக ஏற்றினார்கள். நான் போனபோது 42.7. என்னிடம் இருந்த 200 குச்சிக்கு 85 வெள்ளி 40 காசு. அதற்கு மேல் 7 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி. வெள்ளிக்கு ஐம்பது ரூபாய் என்று போட்டால் வரி மட்டுமே 4,270 ரூபாய். சிகரெட்டை வாங்கிய விலையைவிட வரி அதிகம்! 'பார்சலில் போட்டுவிட்டிருக்கலாமோ' என்று அங்கேயே நின்று யோசித்தேன். அதுவும் பலிக்காது. தபாலில் வருகிற சின்னப் பார்சலுக்கு உண்டான சலுகையிலும் புகையிலைக்கு இடமில்லை.

ஆளில்லாத அந்தச் சிவப்பு வழியில் போய் 'இருக்கிறது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வரியோடு போயிருக்கும். பச்சையில் நுழைந்ததால் அபராதம், சரக்கும் பறிமுதல். கத்தவில்லை, முறைக்கவில்லை, 'கவனிச்சுக்கலாம்' என்று யாரும் கண்ணைக் காட்டவும் இல்லை. ஒரு பாரம், ஒரு கையெழுத்து, ஒரு ரசீது. பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. அபராதம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். என் மனைவி இந்தப் பத்திரிகையைத் தவறாமல் படிக்கிறவள்.

தோ பாயோவில் பெரியப்பா வீடு. ஒன்பதாவது மாடி. பெரியம்மா மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு பாக்கெட்கூட விடலையா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் பெரியப்பா, இந்த உடம்பை வெச்சுக்கிட்டு இன்னும் சிகரெட் கேக்குதா? அப்பா எதுல போனார்னு தெரியுமில்ல? நுரையீரல்ல. இதே கோல்டு பிளேக்."

"எனக்கில்லடா. நான் விட்டு எத்தனையோ வருஷமாச்சு. உங்கப்பனுக்கு. இங்க ஒரு படையல் போடலாம்னு."

நான் பேசவில்லை.

"அவனக் கொன்னது அதுதான்னு எனக்கும் தெரியும். மொத சிகரெட்ட வாங்கிக் குடுத்தவனே நான்தானே. நாகப்பட்டினத்துல, கப்பல் ஏற்றதுக்கு முன்னாடி. காசு ஒண்ணுக்குத்தான் இருந்துச்சு. பாதி நான் குடிச்சேன். மிச்சத்த அவன் கையில குடுத்துட்டு ஏறிட்டேன். அவனுக்குப் பதினேழு வயசு."

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் புளோக்கின் கீழே இருக்கிற சின்னக் கடைக்குப் போனோம். சிகரெட்டை வெளியே தெரிகிற மாதிரி வைக்க 2017-லிருந்தே அங்கே அனுமதி இல்லை. கடைக்காரர் ஒரு மூடிய அலமாரியைத் திறந்து, சாமி நகையை எடுக்கிற மாதிரி எடுத்துக் கொடுத்தார். இருபது குச்சி, 14 வெள்ளி. கோல்டு பிளேக் இல்லை, வேறு ஏதோ. ஒவ்வொரு குச்சியிலும் எஸ்.டி.பி.சி. என்று நாலு எழுத்து அச்சடித்திருந்தது. சிங்கப்பூரில் வரி கட்டிய சிகரெட் என்று அர்த்தம், 2009-லிருந்து அப்படி. எழுத்து இல்லாத குச்சி கையில் இருந்தால் கேள்வி வரும். வாழ்நாள் முழுக்க வீட்டு வரி ரசீதைக்கூட டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்த என் அப்பாவுக்கு இது பிடித்துத்தான் இருக்கும்.

பற்றவைத்து ஊதுகிறவர்களையும் போகும் வழியில் கவனித்தேன். மூடுகூரை போட்ட நடைபாதையில் கூடாது, பஸ் ஸ்டாப்பில் கூடாது, புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடாது. ஆர்ச்சர்ட் ரோடு முழுக்க அந்த வருஷம் ஜனவரியிலிருந்து தடை. இதற்கென்று ஒதுக்கிய இடத்தில் போய் நின்றுதான் குடிக்க வேண்டும். ஒதுக்கிய இடத்தில் கோட்டு சூட்டு போட்ட ஆபீஸர்கள் ஸ்கூல் பையன்கள் மாதிரி நெருக்கியடித்து நின்றார்கள். நம் ஆபீஸ் மாடிப்படி ஞாபகம் வந்தது.

மறுநாள் தேக்காவிலிருந்து வாழையிலை, மீன், வெற்றிலை. அப்பா போட்டோவுக்கு மாலை. இலையில் எல்லாம் வைத்த பிறகு பெரியப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து, பெரியம்மா பக்கம் பார்க்காமல் ஓரமாக வைத்தார்.

பெரியம்மா பார்த்துவிட்டார். இரண்டு பேரையும் ஒரு முறை முறைத்தார். அப்புறம் குனிந்து அதை எடுத்து, விளக்கில் காட்டிப் பற்றவைத்து, ஊதுபத்தி ஸ்டாண்டில் செருகினார்.

"பத்த வெக்காம வெச்சா அவரு எப்படிப்பா குடிப்பாரு?"

ஜன்னல் காற்றுக்குப் புகை பெரியப்பா பக்கமாகவே வந்தது. அவர் விலகவில்லை. டாக்டர் சொன்னதை நாளுக்கு நாலு தடவை ஞாபகப்படுத்துகிற பெரியம்மாவும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மிச்சம் பத்தொன்பது. இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று பெரியம்மா என் பையில் போட்டுவிட்டார். மீனம்பாக்கத்தில் இறங்கியதும் நேராக கஸ்டம்ஸ் மேஜைக்குப் போனேன். "ஸார், என்கிட்ட பத்தொன்பது சிகரெட் இருக்கு."

அந்த அதிகாரி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "அப்புறம்?" என்றார்.

"அவ்வளவுதான் ஸார்."

"போங்க ஸார், பின்னாடி கூட்டம் நிக்குது."