தண்ணீர் வருவதற்குள்

மே 18, 2025, ஞாயிறு

தார் ஜீப் வாங்கி இரண்டு மாதமாகிறது. பழைய வண்டிதான், ஆனால் ஃபோர் வீல் டிரைவ். இத்தனை நாளில் அந்தச் சின்ன லீவரை ஒருமுறைகூட நகர்த்தவில்லை. சாலையை விட்டு இறங்கி ஓட்டிப் பழக ஓர் இடம் வேண்டும். இந்தத் தஞ்சாவூரில் அது எங்கே இருக்கிறது?

முதலில் நினைவுக்கு வந்தது கொள்ளிடம். விடியற்காலை தம்பியை அழைத்துக்கொண்டு திருவையாறு தாண்டி விளாங்குடிப் பாலத்துக்குப் போனேன். ஆறு முழுக்க வெள்ளை மணல். வண்டியைக் கரையிலேயே நிறுத்திவிட்டு ஒரு மூங்கில் கம்போடு நடந்தோம். இருநூறு அடிக்குள் கம்பு முழங்கை ஆழம் சரக்கென்று இறங்கியது. மணல் அள்ளிய பழைய குழி. மேலே காற்று மணலைப் போர்த்தி மூடியிருக்கிறது. பார்த்தால் மற்ற இடத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. கோரைப்புல்லுக்கு அந்தப் பக்கம் இன்னொரு குழி, அதில் பச்சையாகத் தண்ணீர்.

ஆடு ஓட்டிவந்த பெரியவர் நின்று பார்த்தார். "தங்கச்சி, அதுல எறங்கிடாதீங்க. வெளியிலேர்ந்து குளிக்க வந்த புள்ளைவோ எத்தினியோ போயிருக்குவோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் சொல்லாத காரணங்களும் உண்டு. கொள்ளிடம் காவிரியின் வடிகால். முக்கொம்பிலோ கல்லணையிலோ மிஞ்சியதைத் திருப்பிவிட்டால் இங்கே நிற்பவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. ஆற்றுக்குள்ளேயே குடிநீர்த் திட்டக் கிணறுகள் இருக்கின்றன. அச்சில் கசியும் எண்ணெய் அந்த மணலில்தான் இறங்கும். இன்னும் கிழக்கே அணைக்கரைப் பக்கம் முதலைகளே இருக்கின்றன. திரும்பிவிட்டோம்.

மே 20, செவ்வாய்

இரவு சித்தப்பா வீட்டில் சாப்பாடு. உளுந்து எடுத்து, கோடை உழவும் ஓட்டி வயல் சும்மாதானே கிடக்கிறது, அதில் ஒரு மணி நேரம் பழகலாமா என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"சும்மாக் கெடக்கா? மண்ணு காயுதும்மா. காயிறதும் வேலதான்."

பிறகு பொறுமையாக விளக்கினார். நெல்லுக்கு உயிர் சமன்தான். பரம்படித்துச் சமன் செய்த வயலில் ஒரு சாண் ஆழத்துக்கு டயர் தடம் விழுந்தால், தண்ணீர் கட்டும்போது தடத்தில் நிற்கும், மேட்டில் காயும். நாற்று ஓரிடத்தில் அழுகும், ஓரிடத்தில் களை ஏறும். ஒன்றேமுக்கால் டன் வண்டி வரப்பை ஒரு தரம் ஏறி இறங்கினால் அந்த வரப்பை மறுபடி அணைக்க ஒரு ஆள் கூலி. பக்கத்து வயலில் போர் தண்ணீரை வைத்துக் குறுவை நாற்றங்கால் போட்டாகிவிட்டது. வெளியூர்க்காரருக்கு வெறும் தரையாகத் தெரிவதெல்லாம் இங்கே ஏதோ ஒரு வேலையில் இருக்கிறது.

"ஒனக்கு எதுக்கும்மா இந்த வண்டி?" என்றார் கடைசியாக. அவருக்குத் தெரியும். நானே சொல்லட்டும் என்று கேட்டார்.

2018 நவம்பர் 16, கஜா புயல். அத்தை வீடு பேராவூரணிப் பக்கம், தோப்புக்குள். மாமாவுக்கு இன்சுலின் தீர்ந்துவிட்டது. ஐஸ் பெட்டியில் மருந்தை வைத்துக்கொண்டு எங்கள் பழைய காரில் கிளம்பி, மெயின் ரோட்டை அடைத்துக் கிடந்த தென்னைமரங்களிடம் நின்றோம். ஓரமாகத் தோப்பு வழி இருந்தது. ஈரமண், கீற்றுக் குப்பை, இரண்டு வாய்க்கால். அந்தக் கார் முதல் வாய்க்காலிலேயே வயிறு தட்டி நின்றது. நடந்து போய்ச் சேர மூன்றாம் நாள் ஆனது. மாமா பிழைத்தார், ஆனால் அந்த மூன்று நாள் எனக்குள் அப்படியே இருக்கிறது.

மே 23, வெள்ளி

நேற்றிரவு நல்ல கோடை மழை. காலையில் சித்தப்பா ஊருக்குப் போகும் வாய்க்கால் கரையில் வண்டியை விட்டேன். தார் போடாத கரை. பயிற்சி என்று நினைத்துப் போகவில்லை, வழக்கமாகப் போகிற வழிதான்.

இருபது அடிதான். ஸ்டியரிங் நேராக இருக்கிறது, வண்டி மட்டும் மெதுவாகப் பக்கவாட்டில் நகர்கிறது. சறுக்குகிறது என்றுகூடச் சொல்ல முடியாது, யாரோ தோளால் தள்ளுவதுபோல இருந்தது. பிரேக்கை மிதித்தேன், அதுதான் தப்பு. நான்கு சக்கரமும் நின்று, மொத்த வண்டியும் சோப்புக்கட்டிபோல வாய்க்கால் பக்கம் வழுக்கி, சரிவில் பின்சக்கரம் தொங்க நின்றது.

இறங்கி டயரைப் பார்த்தேன். பட்டன் பட்டனாக இருந்த இடமே இல்லை. பள்ளங்களெல்லாம் களிமண் அப்பி, டயர் குயவர் கையில் இருக்கும் பானைபோல வழவழவென்றிருந்தது. இந்த மண் காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலே இரண்டு விரற்கடை நனைந்தால் எதையும் பிடிக்க விடாது.

தூர்வாரும் வேலைக்கு வந்த ஜேசிபி அரைக் கிலோமீட்டரில் இருந்தது. கயிற்றை நான் பின்னால் இருந்த டிரெய்லர் குமிழில் மாட்டப் போனேன். ஓட்டுநர் தம்பி கத்தினார்: "அக்கா, அதுல மாட்டாதீங்க! அறுந்துச்சுன்னா குண்டு மாதிரி வரும்." சேசிஸ் கொக்கியில் அவரே மாட்டி, எல்லோரையும் கயிற்றின் நீளத்துக்கு மேலேயே தள்ளி நிற்க வைத்து, அங்குலம் அங்குலமாக இழுத்தார். பணம் வாங்க மாட்டேன் என்றார். டீ மட்டும் குடித்தார்.

மே 25, ஞாயிறு

இனி இடத்தைத் தேடுவதற்கு முன் மண்ணைத் தேட வேண்டும். தஞ்சாவூரிலிருந்து மேற்கே வல்லம் ஏறினாலும், தெற்கே கந்தர்வகோட்டைப் பக்கம் போனாலும் வண்டல் முடிந்து செம்மண் தொடங்குகிறது. சரளை கலந்த மண்; மழை பெய்தாலும் சீக்கிரம் வடிந்துவிடும்.

தெற்கே போனோம். முந்திரித் தோப்புகள் அழகாக இருந்தன. ஆனால் இப்போது கொட்டை விழும் பருவம். பொறுக்குவதற்காக மரத்தடியைக் கூட்டிவைத்திருக்கிறார்கள். அங்கேயும் வேலை நடக்கிறது. நாலைந்து இடம் கேட்டபின் ஒருவர், பட்டா நிலத்தில் கிராவல் வெட்டி எடுத்துக் கைவிட்ட ஒரு குழியைக் காட்டினார். ஆழம் பத்தடி, லாரி இறங்கிய சரிவு அப்படியே இருக்கிறது, அடியில் தண்ணீர் இல்லை. மூன்று நிபந்தனை: காலை ஒன்பதுக்குள் முடிக்க வேண்டும், அதன்பின் ஆடுகள் வரும்; வடக்கு விளிம்பில் ஏறக் கூடாது, அடியில் குடைந்திருக்கிறது; ஒவ்வொரு தடவையும் போன் செய்துவிட்டு வர வேண்டும். மூன்றும் நியாயம்.

ஜூன் 1, ஞாயிறு

வண்டியில் ஏறுவதற்கு முன் ஒரு மணி நேரம் குழியை நடந்தே பார்த்தோம். பாட்டில் துண்டு, கம்பி, இரண்டு பாம்புப் புற்று. சுண்ணாம்பால் கோடு போட்டோம். தம்பி கீழே, நான் வண்டியில். அவன் கை காட்டாமல் நகர மாட்டேன் என்பது ஒப்பந்தம்.

ஃபோர் லோ, முதல் கியர், காலைப் பிரேக்கிலிருந்து எடு. சரிவின் உச்சியில் பானெட்டைத் தவிர வானம்தான் தெரிந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. வண்டி தலையைக் கவிழ்த்தது; எஞ்சினே பிடித்துப் பிடித்து, மாட்டு வண்டி இறக்கத்தில் இறங்கும் வேகத்துக்கும் குறைவாக இறக்கிவிட்டது. நான் ஒன்றுமே செய்யவில்லை. செய்யாமல் இருக்கத்தான் ஆறு தடவை பழக வேண்டியிருந்தது. கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்குள் விடக் கூடாது என்பதையும் இன்று கற்றேன். ஒரு கல்லில் சக்கரம் ஏறியதும் வளையம் தானாகச் சுழன்றது, விரல் தப்பியது.

திரும்பி வரும்போது மறக்காமல் டூ வீலுக்கு மாற்றினேன். ஃபோர் வீலில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. நழுவ மண் இல்லாத தார்ச்சாலையில் அந்த முறுக்கெல்லாம் கியரின் பல்லில்தான் விழும். வழியில் கோடை நெல் அறுத்தவர்கள் சாலையில் வைக்கோல் காயப் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அடியில் குனிந்து பார்த்தால் சுழல் தண்டில் ஒரு பிடி வைக்கோல் சுற்றியிருந்தது, சைலன்சருக்குப் பக்கத்தில். இனி நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

ஜூன் 7, சனி

சித்தப்பாவே போன் செய்தார். "கழனி தரமாட்டேன்னேன், களிமண்ணு தரமாட்டேன்னா சொன்னேன்?"

ஊர்க்கோடியில் அவர் பங்காளியின் பழைய செங்கல் காளவாய். கல் அறுக்க மண் எடுத்த பள்ளம், இரண்டு மா இருக்கும். பயிர் வைக்க முடியாத இடம், ஆனால் அதே வயல் களி. பங்காளியிடம் அவரே பேசி, காலையில் போர் மோட்டாரைப் போட்டு ஒரு மூலையை நனைத்து வைத்திருந்தார். தண்ணீர் கணுக்கால் அளவுதான். அடித்தரை எங்கே என்று கம்பு விட்டுக் காட்டினார். என் வண்டி 650 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும் என்று கையேடு சொல்கிறது. அந்தக் கணக்கு தண்ணீருக்கு மட்டும்தான். அடியில் இருக்கிற சேற்றைக் கையேடு கணக்கில் எடுக்கவில்லை.

டயர் காற்றை இருபது வரை இறக்கினேன். இரண்டாம் கியர், சீரான வேகம், நடுவில் நிற்காதே. வண்டி தடுமாறும்போது ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் ஆட்டினால் டயரின் ஓரம் புது மண்ணைக் கடிக்கிறது. நான்கு தடவை சிக்கினோம். மண்வெட்டியால் சக்கரத்தின் முன்னால் வெட்டி, சாக்கை மடித்துப் போட்டு, நாங்களே ஏறினோம். ஐந்தாவது தடவை சிக்கவில்லை. சித்தப்பா மேட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாற்று நடுபவர்களைப் பார்ப்பதுபோலவே என்னையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்துவிட்டார்கள். வேலையில் கவனமில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்று கல்லணையும் திறப்பு. இனிக் காளவாய்ப் பள்ளத்தில் ஊற்று வந்துவிடும் என்றார் சித்தப்பா. தைக்கு மேல்தான் அங்கே போகலாம். கிராவல் குழி இருக்கிறது.

சாயங்காலம் அத்தைக்குப் போன் போட்டேன். மழைக்கு முன்னால் ஒருநாள் வருகிறேன், மெயின் ரோட்டை விட்டுவிட்டுத் தோப்பு வழியாகவே வந்து பார்க்க வேண்டும் என்றேன். எதற்கு என்று அத்தை கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொல்ல ஆரம்பித்தது. நான் நோட்டை எடுத்து எழுதினேன்.

"மொத வாய்க்கால்ல இப்ப கொழா போட்டு மூடியிருக்கு, வண்டி போவும். ரெண்டாவதுல மதகுக்குக் கெழக்கே ஏறு, அங்கதான் கரை தாழ. செட்டுக்குப் பக்கத்துல ஒரு படல் கட்டியிருக்கும், அவுத்துட்டு வா, நான் அவுங்ககிட்ட சொல்லி வெக்கிறேன். திரும்பிக் கட்டிட்டு வாம்மா, மாடு பூந்துடும்."