பெட்டிக்காரனுக்கு இடது கை

ஆர்மோனியம் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் எல்லோரும் வலது கையைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். விரல் ஓடிவிட்டால் பாட்டு வந்துவிடும் என்று நினைப்பு. கூத்துப் பெட்டிக்கு விரல் அப்புறம், முதலில் துருத்தி. எங்கள் வாத்தியார் ஆரம்பத்தில் பாட்டே சொல்லித்தர மாட்டார். ஒரு கட்டையை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, இடது கையால் காற்று மட்டும் போட வைப்பார். சத்தம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. நடுங்கினால் திட்ட மாட்டார். நம் கைமேல் தன் கையை வைத்து, தன் நிதானத்துக்கு நம்மை இழுத்துக்கொண்டு போவார். பாடம் அந்தக் கையில்தான் இருந்தது.

நாம் போடும் காற்று நேராக ரீடு என்கிற உலோக நாக்குக்குப் போவதில்லை. அடியில் ஸ்பிரிங் வைத்த இன்னொரு துருத்தி இருக்கிறது. அதில் தங்கித்தான் போகும். இது தெரியாதவன் சைக்கிளுக்குக் காற்றடிப்பது மாதிரி அடித்தால் தோளும் வலிக்கும், சத்தமும் வெட்டி வெட்டி வரும்.

எங்கள் பக்கம் புதுவாயலில் ஜி.என்.டி. ரோட்டை விட்டுப் பெரியபாளையம் சாலையில் திரும்பினால், உள்ளே இன்னும் கூத்து கேட்கிற கிராமங்கள்தான். திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. பத்து மணிக்குக் களரி கட்டினால் விடிய விடிய நடக்கும். மிருதங்கம், முகவீணை, தாளத்தோடு பின்னால் பெஞ்சில் நாங்கள். வேஷக்காரர் ஓர் அடி பாடி ஆட்டத்துக்குப் போனால், அந்த அடியைப் பின்பாட்டில் வாங்குவதும் நாங்கள்தான். பெட்டி வாசித்துக்கொண்டே பாட வேண்டும். இடது கை தன் பாட்டுக்கு ஓடாவிட்டால் இது நடக்காது.

விடியற்காலை மூன்று மணிக்குத்தான் பெட்டிக்காரனுக்கு உண்மையான வேலை. கிரீடமும் புஜக்கீர்த்தியும் கட்டிக்கொண்டு ராத்திரியெல்லாம் ஆடியவருக்குத் தொண்டை இறங்கிவிடும். ஐந்து கட்டைச் சுருதியில் எடுத்தவர் நாலரைக்கு வந்து நிற்பார். அவரை மேலே இழுக்கக் கூடாது. பாட்டின் நடுவிலும் மாற்றக் கூடாது. வசனம் வரும் இடத்தில் சத்தமில்லாமல் நாலரைக்கு இறங்கி, அடுத்த விருத்தத்துக்கு அங்கே தயாராகக் காத்திருக்க வேண்டும். அதனால்தான் மோகனமானாலும் முகாரியானாலும் எல்லாக் கட்டையிலிருந்தும் வாசித்துப் பழகச் சொல்கிறேன். கறுப்புக் கட்டைக்குப் பயந்தவன் பஜனையோடு நின்றுகொள்ளலாம்.

ரேடியோவில் 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தார்கள். 1971இல்தான் கொஞ்சம் கதவைத் திறந்தார்கள். கமகம் பேசாத வாத்தியம் என்பது ஒரு குற்றச்சாட்டு. உண்மைதானே? கட்டைக்கு ஒரு ஸ்வரம், நடுவில் வழுக்க இடமில்லை. ஆனால் முகாரியில் திரௌபதி அழும்போது அந்த அசைவையெல்லாம் அவள் தொண்டைக்கு விட்டுவிட்டு, வந்து நிற்கிற ஸ்வரத்தை மட்டும் பிடித்துக்கொடுத்தால் போதும். கூடவே ஓடுகிறவன்தான் கெடுக்கிறான். ரேடியோ வேண்டாம் என்றபோதும் நாடகத்திலும் கூத்திலும் யாரும் பெட்டியை இறக்கி வைக்கவில்லை.

ஆட்டத்துக்கு வாசிப்பது இன்னொரு வித்தை. இங்கிலாந்தில் மோரிஸ் என்னும் நாட்டுப்புற ஆட்டத்துக்கு வாசிக்கிற மெலோடியனிலும் நம் பெட்டியில் இருப்பது மாதிரி உலோக நாக்குதான். அதில் துருத்தியை அமுக்கினால் ஒரு ஸ்வரம், அதே பொத்தானில் இழுத்தால் வேறு ஸ்வரம். கை திரும்பத் திரும்ப ஆட்டத்துக்கு வேண்டிய வெட்டு தானாக விழும். நமக்கு அந்த வசதி இல்லை. கூத்தின் கோமாளி கட்டியங்காரன் துள்ளிக்கொண்டு வரும்போது காற்றை நிறுத்தாமல் விரலைச் சட்டென்று எடுத்துத்தான் வெட்டு கொடுக்க வேண்டும். பழகாதவன் விரலோடு துருத்தியையும் நிறுத்திவிடுவான்.

இனி ரீடு. குஜராத்தில் பாலிதானா ரீடுக்குப் பேர்போன ஊர். பித்தளைத் தகட்டில் நாக்கை ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள். சுருதி குறைந்திருந்தால் நாக்கின் அடியில் மெல்லிய தகட்டைச் செருகிக்கொண்டு, நுனியில் லேசாகச் சுரண்ட வேண்டும், ஏறும். கூடியிருந்தால் ஆணிப் பக்கம் சுரண்ட வேண்டும், இறங்கும். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்துங்கள். சுரண்டிய சூட்டில் பித்தளை பொய் சொல்லும். ஆறிய பிறகு கீழ் ஸ்தாயியோடு சேர்த்துப் பிடித்துக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் அலை அடிக்கும். அலை நீண்டு நீண்டு அடங்கும்வரை இதே வேலை. அவசரக்காரன் கையில் நாக்கு உடையும்.

இந்தப் பக்கம் பெட்டிக்கு எதிரி இரண்டு. ஒன்று லாரி கிளப்பும் தூசி. ஒரு துணுக்கு நாக்கின் இடுக்கில் சிக்கினால் ஸ்வரமே எழாது. ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பித்தளைக்கு ஆகாது. மெல்லிய காகிதத்தை நுழைத்து எடுங்கள். இன்னொன்று, ஐப்பசி கார்த்திகையில் பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று. மரம் ஊதிக் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டும். அதற்காகக் கட்டையை இழைத்துவிட்டால் சித்திரையில் பல்லிளிக்கும். வெயில் வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெட்டி வாங்கப் போனால் பாட்டு வாசித்துப் பார்க்காதீர்கள். ஸ்டாப்பரையெல்லாம் உள்ளே தள்ளி மூடிவிட்டுத் துருத்தியை நிறையப் போடுங்கள். பெட்டி சத்தமில்லாமல் இறுகி நிற்க வேண்டும். உஸ்ஸென்று இறங்கினால் தோல் போயிருக்கிறது. அடுத்து ஒரு ஸ்டாப்பரைத் திறந்து மறுபடி காற்றுப் போடுங்கள். கட்டையைத் தொடாமலே ஸ்வரம் முனகினால் கட்டை சரியாக மூடவில்லை. இரண்டும் பழுது பார்க்கக்கூடியவைதான். அந்தச் செலவைச் சொல்லியே விலையைக் குறைத்துக் கேளுங்கள்.