குடைமிளகாய் பர்கரும் பேரனின் கழுத்தும்

"கழுத்தை நல்லாத் தேய்ச்சுக் குளிடா" என்று என் பேரனை நான் எத்தனை முறை அதட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. பின்கழுத்து முழுக்கக் கருப்பாக, மடிப்பு மடிப்பாக, அழுக்கு படிந்த மாதிரி இருக்கும். என் மகள் பீர்க்கங்கூட்டில் எலுமிச்சம்பழத்தைத் தடவித் தேய்த்துப் பார்த்தாள். கடலை மாவு, தயிர், மஞ்சள் எல்லாம் ஆயிற்று. தோல் சிவந்ததே தவிரக் கருப்பு போகவில்லை. பையன் வீட்டிலும் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டே திரிய ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்தில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். நாங்களும் அதையேதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

போன வருடம் காய்ச்சலுக்காக அவனை அழைத்துப் போனபோது, டாக்டரம்மா தொண்டையைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைத்தான் பார்த்தார்.

"இது அழுக்கு இல்லைங்க. எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. உடம்புல இன்சுலின் அதிகமாச் சுரக்குது, ஆனா அது சரியா வேலை செய்யல. அதோட அடையாளம் இது. வீட்டுல யாருக்குச் சர்க்கரை இருக்கு?"

நான் கையைத் தூக்கினேன். எனக்கு 22 வருடமாகச் சர்க்கரை. மகளுக்கு இவனைச் சுமந்தபோது வந்து, பிரசவத்துக்குப் பின் போயிற்று. பையனுக்கு வயது 13, எடை 68 கிலோ. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 108. நூறுக்குள் இருக்க வேண்டும், 126 ஆனால் சர்க்கரை நோய். அவன் நடுவில், திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே போகலாம், தெருவுக்கும் இறங்கலாம்.

"வெளியில என்ன சாப்பிடுறான்?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி போன பிறகு, காரைக்காலில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு, புதுக்கோட்டையில் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். ஆறு வருடம் ஆகிறது. இங்கே எனக்கு என்று ஒரு வேலை இருந்தது என்றால், சனிக்கிழமை மாலை டியூஷனிலிருந்து பேரனை அழைத்து வருவதுதான். வரும் வழியில் ஒரு பர்கர் கடை. ஓய்வூதியம் வாங்குகிற தாத்தா பேரனுக்கு வேறு என்ன செய்துவிட முடியும்? ஒரு பர்கர், ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல், ஒரு குளிர்பானம். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன். அந்த அரை மணி நேரம் அவன் என்னிடம் நிறையப் பேசுவான். வீட்டுக்கு வந்தால் பேச மாட்டான். அதனால் ஒரு சனிக்கிழமையைக்கூட நான் தவற விட்டதில்லை.

அன்று இரவு காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவனுக்கு, எந்த வருத்தமும் முதலில் கணக்காகத்தான் வரும். 60 கிராம் பன்னில் மாவுச்சத்து ஏறக்குறைய 30 கிராம். நூறு கிராம் உருளை வறுவலில் 40. கால் லிட்டர் குளிர்பானத்தில் சர்க்கரை மட்டும் 27. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்தபோது எனக்கு மூன்று வயது. கொடி மாறியதே தவிர, என் பள்ளிக்கூடத்து பிரெஞ்சு மாறவில்லை. இன்றைக்கும் மனக்கணக்கு அந்த மொழியில்தான் ஓடும். கத்ர்-வேன்-திஸ்-செத். நான்கு இருபது, ஒரு பத்து, ஒரு ஏழு. ஆக 97 கிராம். ஒரு இட்லிக்குச் சுமார் 9 கிராம் என்று வைத்தால், பத்து இட்லிக்கு மேலே. மாலை ஐந்தரை மணிக்குப் பத்து இட்லியைக் கொடுத்து, இரவு ஒன்பது மணிக்கு மறுபடியும் தோசை வார்த்துக் கொடுத்திருக்கிறோம்.

2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு வெளிவந்தபோது, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடிப் பேருக்கு மேல் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று செய்தித்தாளில் படித்தேன். படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பியிருப்பேன். அந்த 13 கோடியில் ஒருவன் என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுப்பான் என்று அப்போது எப்படித் தெரியும்?

மறுநாள் முதல் பர்கர் கிடையாது என்று வீட்டில் உத்தரவு போட்டாயிற்று. பையன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை என்னோடு வந்தான். அந்தக் கடையைத் தாண்டினோம். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அப்போதுதான் காரைக்காலில் எங்கள் பக்கத்து வீட்டு சொல்தா அக்கா நினைவுக்கு வந்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அவர் வீட்டுக்காரர் அப்படி ஒருவர். வருடா வருடம் ஜூலை 14, பிரெஞ்சு தேசியத் திருநாள் அன்று அந்த அக்கா 'தொமாத் ஃபார்சி' செய்வார். பெரிய தக்காளியின் தலையை மூடி மாதிரி வெட்டி, உள்ளே உள்ளதைத் தோண்டி எடுத்து, கொத்துக்கறி மசாலாவை அடைத்து, மூடியைத் திரும்ப வைத்து வேக விடுவார். ஃபார்சி என்றால் அடைத்தது. நம் எண்ணெய்க் கத்தரிக்காயும், அடைத்த பாகற்காயும் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான். யோசித்துப் பார்த்தால், பர்கரில் ருசி நடுவில் இருக்கிறது. பன் என்பது கையில் எண்ணெய் படாமல் பிடித்துக்கொள்ள ஒரு பிடி. அந்தப் பிடியைக் காய்கறியில் செய்தால் என்ன?

உழவர் சந்தைக்குப் போய் அரைக் கிலோ குடைமிளகாய் வாங்கி வந்தேன். இவ்வளவு வயதுக்கு வெந்நீரைத் தவிர நான் எதையும் அடுப்பில் வைத்ததில்லை. மாப்பிள்ளை, "மாமா, கையைச் சுட்டுக்கப் போறீங்க" என்றார். சுட்டுக்கொண்டேன்.

முதல் தடவை வந்தது ஒரு குழம்பு. மிளகாய் தண்ணீர் விட்டு, கறி உதிர்ந்து, தோசைக்கல் முழுக்க மிதந்தது. பேரன் எட்டிப் பார்த்து, "தாத்தா, இது பர்கரா, சூப்பா?" என்றான். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அதற்காகவே மறுபடியும் செய்வது என்று முடிவு செய்தேன்.

நாலைந்து சனிக்கிழமைகள் கெட்டபின் கைவந்த முறையைச் சொல்கிறேன். வேண்டுபவர்கள் செய்து பாருங்கள்.

குட்டையாக, அகலமாக, நான்கு மூலை உள்ள குடைமிளகாயை எடுங்கள். நெடுக்கில் இரண்டாகப் பிளந்து விதையை எடுத்துவிட்டு, முதலில் காய்ந்த கல்லில் எண்ணெய் இல்லாமல் குப்புறப் போட்டு மூன்று நான்கு நிமிடம் வாட்டுங்கள். அதிலுள்ள தண்ணீர் அப்போதே போய்விடும். உள்ளே வைக்க, கால் கிலோ கோழிக் கொத்துக்கறி, பொடியாக நறுக்கிய ஒரு வெங்காயம், இஞ்சி பூண்டு, மிளகுத்தூள், கொஞ்சம் சோம்புத்தூள், ஒரு முட்டை. கடைகளில் உதிராமல் இருக்க ரொட்டித்தூள் போடுவார்கள். அதற்குப் பதில் வறுத்த வேர்க்கடலையைப் பொடித்து இரண்டு கரண்டி போடுங்கள். உப்பைக் கடைசியில் போட வேண்டும். முன்னாடியே போட்டால் வெங்காயம் நீர் விட்டுவிடும். வடை மாதிரி தட்டி இருபுறமும் நன்றாக வேக வைத்து, இரண்டு மிளகாய்ப் பாதிகளுக்கு நடுவில் வைத்து, ஒரு பாலாடைக்கட்டித் துண்டும் வைத்து, மூடி போட்டு இரண்டு நிமிடம். அவ்வளவுதான். சைவக்காரர்கள் கறிக்குப் பதில் பன்னீரை உதிர்த்துப் போடலாம்.

கடையில் வாங்கும் தக்காளிச் சாஸில் சர்க்கரை இருக்கிறது. அதனால் தக்காளியை வதக்கி, பூண்டும் மிளகும் துளி வினிகரும் சேர்த்து அரைத்துக்கொள்கிறோம். வெள்ளைச் சாஸுக்கு, தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, கெட்டியானதும் பூண்டு நசுக்கிப் போட்டால் போதும். இப்படி ஒரு பர்கரில் மாவுச்சத்து 12 கிராமைத் தாண்டாது என்பது என் கணக்கு.

குடைமிளகாய் அலுத்தால் பெரிய கத்தரிக்காயை அரை விரல் கனத்துக்கு வட்டமாக வெட்டி, உப்புத் தடவிக் கால் மணி நேரம் வைத்து, ஒற்றி எடுத்துச் சுட்டால் அதுவே பன். அமெரிக்காவில் சில கடைகளில் பன்னுக்குப் பதில் லெட்டூஸ் இலையில் சுற்றித் தருவார்களாம். நமக்கு முட்டைக்கோஸ் இலை இருக்கிறது. கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டால் வளையும். தக்காளியில் இந்த ஊர் முட்டை மாஸை அடைத்து ஒரு நாள் செய்தேன். சொல்தா அக்கா இருந்திருந்தால் நாட்டுக் கோழிக்கும் பிரான்சுக்கும் கல்யாணம் என்று சிரித்திருப்பார். பாகற்காயில் மட்டும் முயற்சி செய்யாதீர்கள். பேரன் அதை நாய்க்குப் போட்டான். நாய் என்னைப் பார்த்தது.

இனி சொல்லப்போவது என் வயதுக்காரர்கள் அவசியம் படிக்க வேண்டியது.

பேரனோடு சேர்ந்து நானும் இரவில் சோற்றையும் தோசையையும் நிறுத்தினேன். இரண்டு மிளகாய்ப் பர்கரோடு சரி. மாத்திரையை மட்டும் வழக்கம்போல முழுசாகப் போட்டுக்கொண்டேன். டாக்டரிடம் கேட்கவில்லை. குறைத்துச் சாப்பிடுவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்ற நினைப்பு. நான்காம் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு விழிப்பு வந்தது. பனியன் நனைந்திருந்தது. கை நடுங்கியது. எழுந்து உட்கார முடியவில்லை. பேரன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், பெயர் நாக்கில் வரவில்லை. என்ன சத்தம் போட்டேனோ தெரியாது, அவன் எழுந்துவிட்டான். என் விரலைக் குத்திக் கருவியில் பார்த்தான். 58. ஓடிப் போய் டம்ளரில் மூன்று கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவந்து குடிக்க வைத்தான். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் குத்திப் பார்த்தான். 84. அதன் பிறகுதான் அம்மாவை எழுப்பினான். எங்கே கற்றாய் என்று கேட்டேன். "அம்மாச்சிக்கு நீங்க செய்ததைப் பார்த்திருக்கேன் தாத்தா" என்றான். என் மனைவிக்கும் சர்க்கரைதான். அப்போது இவனுக்கு ஏழு வயது.

டாக்டரம்மா அன்றைக்கு என்னை நன்றாகவே திட்டினார். மாவுச்சத்தைக் குறைக்கிறவர்கள், சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிசெய்துகொண்டே செய்ய வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கறியும் முட்டையும் எவ்வளவு என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். என் மாத்திரை பாதியாயிற்று. இரவில் ஒரு இட்லி திரும்ப வந்தது. பையன் வளரும் பிள்ளை, அவனைப் பட்டினி போடக் கூடாது, மதியம் சோறு அளவோடு சாப்பிடட்டும், குளிர்பானம் மட்டும் அறவே கூடாது, தினம் ஒரு மணி நேரம் ஓடட்டும் என்றார். 2021லிருந்து அரசின் திட்டத்தில் பலருக்கு மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல காரியம். சாப்பாட்டைத்தான் நாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எட்டு மாதம் ஆயிற்று. என் மூன்று மாதச் சராசரி 8.9இலிருந்து 7.4க்கு வந்திருக்கிறது. பேரன் 66 கிலோ, உயரம் நான்கு சென்டிமீட்டர் கூடியிருக்கிறான். வெறும் வயிற்றில் 97. கத்ர்-வேன்-திஸ்-செத் என்று நான் சத்தமாகச் சொன்னபோது, ஆய்வகத்துப் பெண் தாத்தாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தாள். கழுத்துக் கருப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. மங்கியிருக்கிறது. மெதுவாகத்தான் போகுமாம். பீர்க்கங்கூட்டை மகள் தூக்கி எறிந்துவிட்டாள்.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். குளிக்கச் சொல்லி அதட்டியதற்கு. அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். "அதை விடுங்க தாத்தா, கல்லு காஞ்சிடுச்சு, மிளகாயைப் போடுங்க" என்றான்.

மாதம் ஒரு சனிக்கிழமை இன்னும் அந்தக் கடைக்குப் போகிறோம். டாக்டரம்மாவுக்குத் தெரிந்துதான். ஒரே ஒரு பர்கர், குடிக்கத் தண்ணீர். போன தடவை மேல் பன்னை எடுத்துத் தட்டில் ஒதுக்கிவிட்டு, உள்ளே இருந்ததை ஒரு கடி கடித்துப் பார்த்துச் சொன்னான், நம்ம மிளகு இதில் இல்லை என்று. மற்ற சனிக்கிழமைகளில் சமையலறையில் நாங்கள் இருவரும்தான். அங்கே அவன் நிறையப் பேசுகிறான்.