குர்லா எக்ஸ்பிரஸும் மாவுப்பூச்சியும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸில் ஆணி கொஞ்சம் அதிகம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சொசைட்டி வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன். கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006-ல் ஈரோட்டில் ஏறி குர்லாவில் இறங்கியவன் நான். கோயமுத்தூரிலிருந்து வரும் அந்த வண்டி நிற்கிற இடத்துக்கு லோக்மான்ய திலக் டெர்மினஸ் என்று பெயர். எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். வண்டி பெயர் குர்லா எக்ஸ்பிரஸ், அவ்வளவுதான். மாதுங்கா, செம்பூர், தாராவி என்று எங்கே போகிறவர்களும் அந்த வண்டியில் வந்தால் முதலில் குர்லா மண்ணை மிதித்துவிட்டுத்தான் போகவேண்டும். நான் மிதித்தவன், அங்கேயே தங்கிவிட்டேன்.

நேரு நகரில் நாலு பேருக்கு ஒரு அறை. முதல் ராத்திரியே மூட்டைப்பூச்சி கடித்து எழுந்து உட்கார்ந்தேன். பிழைப்புக்கு நான் செய்வது மென்பொருள் சோதனை, அதாவது காலையிலிருந்து சாயங்காலம் வரை 'பக்' பிடிப்பது. ராத்திரியும் அதே வேலை :-)

வேடிக்கைக்குச் சொன்னது இல்லை. நாம் கண்ட பூச்சியையும் பக் என்கிறோம். பூச்சியியல்காரர்களைக் கேட்டால் கரப்பான் பக் இல்லை, வண்டும் பக் இல்லை என்பார்கள். ஹெமிப்டெரா என்ற வரிசையில் வருவது மட்டும்தான் அவர்களுக்கு நிஜமான பக். கடித்து மெல்லுகிற வாய் அதற்குக் கிடையாது. ஊசி போல ஒரு குழல்தான். குத்தும், உறிஞ்சும். மூட்டைப்பூச்சி நம்மைக் குத்துகிறது. அதன் சொந்தபந்தங்களில் பெரும்பாலானவை குத்துவது செடியை. அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, சில்வண்டு எல்லாம் ஒரே வரிசை. மாவுப்பூச்சியும் அதில்தான் வருகிறது. இந்தப் பதிவே அதைப் பற்றித்தான்.

எங்கள் கட்டிட வாசலில் அப்போது மூன்று தூங்குமூஞ்சி மரங்கள் இருந்தன. சாயங்காலமானால் இலையை மடக்கிக்கொண்டு தூங்கிவிடும். வாட்ச்மேன் மாமா மராட்டியில் பர்ஜன்ய வ்ருக்ஷ் என்பார், மழை மரம். அந்தப் பெயருக்குச் சொல்கிற காரணங்களில் ஒன்று சில்வண்டு. கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, வேண்டாததைக் கீழே சிந்துமாம். மரத்தடியில் நிற்கிறவனுக்கு வெயிலிலும் தூறல். மரத்தின் சொந்த ஊர் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கம். 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி நம் பக்கம் வந்தது. மும்பையில் யாரும் அதை வெளியூர்க்காரன் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது ஊருக்குப் போகலாம். கோபிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் மல்பெரி, ஒரு பட்டுப்புழு ஷெட். 2009-ல் ஒரு நாள் ஆபீஸ் நேரத்தில் அப்பா போன் செய்தார். அந்த நேரத்தில் கூப்பிடமாட்டார்.

"கண்ணு, மல்பெரிக் கொழுந்தெல்லாஞ் சுருண்டு, மாவு தூவுனாப்ல இருக்குது."

"துக்ராவா இருக்குமுங்கப்பா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நசுக்கிப் பாத்தேன். துக்ராப் பூச்சின்னா ரோசு நெறத்துல வரும். இது மஞ்சளா வருது."

துக்ரா எங்கள் தோட்டத்துக்குப் பழைய விருந்தாளி. அதுவும் ஒரு மாவுப்பூச்சி செய்கிற வேலைதான். சுருண்ட நுனியைக் கிள்ளி எரித்தால் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. நுனியில் ஆரம்பித்து இலை, தண்டு, முழுச் செடி என்று மூடியது. பக்கத்துத் தோட்டத்துப் பப்பாளியில் ஏற்கெனவே வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பப்பாளி மாவுப்பூச்சி. அறிவியல் பெயர் பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். மெக்சிகோ பக்கத்து ஆசாமி. அங்கே அது பெரிய தொல்லை இல்லை, அதை அடக்கி வைக்கிற சிறு குளவிகள் அங்கேயே இருக்கின்றன. 1990-களில் கரீபியன் தீவுகளுக்குப் போனது. 1998-ல் புளோரிடாவில் தென்பட்டது. 2008-ல் இந்தோனேசியா, இலங்கை, நம்ம கோயமுத்தூர். வந்தது பூச்சி மட்டும், குளவி வரவில்லை. பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு, பருத்தி, செம்பருத்தி, வேலியோரப் பார்த்தீனியம் என்று அறுபதுக்கும் மேற்பட்ட செடிகளில் அதற்குச் சாப்பாடு இருந்தது.

இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது கூகுள் மட்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அரை மணி நேரம் தேடி, ஏதோ வெளிநாட்டுத் தளத்தில் ஒரு மருந்துப் பெயரைக் கண்டுபிடித்து அப்பாவுக்குச் சொன்னேன்.

"புழு திங்கற தழையில மருந்தா?" என்றார்.

"அடிச்சுப்போட்டு நாள் கணக்குப் பாத்து அப்புறம் தழை வெட்டுங்கப்பா. எல்லாம் போட்டிருக்குது." பணமும் அனுப்பினேன். ரெண்டு தடவை.

மூன்று மாதத்தில் ஐந்து தடவை அடித்தார். மாவுப்பூச்சிக்கு மேலே மெழுகுப் பூச்சு. மருந்துத் தண்ணீர் அதில் ஒட்டாமல் உருண்டு ஓடும். முட்டைகள் பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் பத்திரமாக இருக்கும். மேலே இருப்பது செத்தாலும் ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். செத்தது யார் என்றால், அதைத் தின்ன வந்தவர்கள். பொறிவண்டு ஒன்று. இன்னொன்று ஸ்பால்ஜிஸ் என்ற சின்னப் பட்டாம்பூச்சியின் புழு. இது மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள்ளேயே மாவைப் பூசிக்கொண்டு உட்கார்ந்து தின்னும். அதன் கூட்டுப்புழுவைப் பார்த்தால் அச்சு அசலாகக் குரங்கு மூஞ்சி. 'தழையில கொரங்கு மூஞ்சியாட்ட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்குது' என்று அப்பா ஒருமுறை போனில் சொன்னார். அதையும் சேர்த்து அடிக்கச் சொன்னவன் நான்.

நாள் கணக்கும் எங்கோ தப்பியது. கூடு கட்ட ஒரு வாரம் இருக்கும்போது புழுக்கள் தலையைத் தலையை ஆட்டி, பச்சையாகக் கக்கி, ஒரு ராத்திரியில் ஷெட் முழுக்கப் போயிற்று. அம்மாதான் சொன்னார்கள். அப்பா போனில் 'நல்லாருக்கியா கண்ணு, சாப்பிட்டியா' என்றதோடு சரி. 2010 கோடையில் மல்பெரியை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டார்.

அதே 2010 ஜூலையில், அந்தப் பூச்சிக்கு எதிரியான மூன்று வகைக் குளவிகளை அமெரிக்க வேளாண் துறை மூலம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூர் பூச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பெருக்கி, அக்டோபரில் இருந்து கோவை, ஈரோடு பக்கமெல்லாம் விட்டார்கள். அதில் நன்றாக வேர்பிடித்தது அசிரோபேகஸ் பப்பாயே. கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம், அவ்வளவு சின்னது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். உள்ளே வளரும் குளவிப் புழு அதைத் தின்று காலி செய்துவிட்டு, வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். நம்மைக் கொட்டாது, பட்டுப்புழுவைத் தொடாது. ஒரு வருஷத்துக்குள் எங்கள் பக்கம் மாவுப்பூச்சி தேடிப் பார்க்கிற பொருளாகிவிட்டது. பிடுங்காமல் விட்ட பக்கத்துத் தோட்டத்து மல்பெரி தளதளவென்று நின்றது. எங்கள் நிலத்தில் மஞ்சள் போட்டிருந்தோம்.

இனி குர்லா. 2010-களில் மும்பை முழுக்கத் தூங்குமூஞ்சி மரங்கள் பட்டுப்போக ஆரம்பித்தது நினைவிருக்கலாம். பேப்பர்களில் வந்தது. 2015 வாக்கில் எங்கள் வாசலுக்கும் வந்தது. முதலில் பைக் சீட்டில் பிசுபிசு. செடிச்சாற்றில் சர்க்கரை அதிகம், சத்து குறைவு. வேண்டிய சத்துக்காகப் பூச்சி நிறையக் குடித்து, மிச்சச் சர்க்கரையைக் கீழே விடுகிறது. அதை நக்க எறும்பு வரும். எறும்பு பூச்சியைப் பொத்திக் காவல் காக்கும். சிந்தின சர்க்கரையில் கரும்பூசணம் பிடித்து இலை கறுக்கும். அண்ணாந்து பார்த்தேன். கிளையெல்லாம் வெள்ளைப் பஞ்சு. வயிற்றைப் பிசைந்தது.

மரத்தடியில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கையில் காஷ்மீர் வில்லோ பேட். அந்த வில்லோ மரத்துக்கும் தனியாக ஒரு பக் உண்டு. வில்லோ பேரசுவினி என்று சொல்லலாம். அரை சென்டிமீட்டர் நீளம், அசுவினிகளில் பெரிய உருவம், முதுகில் சுறாத் துடுப்பு போல ஒரு முள். எல்லாம் பெண்தான், ஆண் இதுவரை யார் கண்ணிலும் பட்டதில்லை. தண்டில் வரிசையாக உட்கார்ந்து குடிக்கும். அது குடித்து வில்லோவின் வளர்ச்சி குறையலாம், ஆனாலும் நன்றாக இருக்கிற பெரிய மரம் பொதுவாகத் தாக்குப்பிடித்துவிடும். எங்கள் மரங்கள் நன்றாக இல்லை. சில வருஷம் முன்புதான் வாசல் அழகாக இருக்கட்டும் என்று அடிமரத்தை ஒட்டி பேவர் பிளாக் பதித்திருந்தோம். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் காங்கிரீட் கூடாது என்று 2013-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டில்லி வழக்கில் சொல்லியிருந்தது. மீட்டிங்கில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

சொசைட்டி மீட்டிங்கில் மருந்து அடிக்கலாம் என்றார்கள். நான் எழுந்து வேண்டாம் என்றேன். மும்பை வந்து ஒன்பது வருஷத்தில் மீட்டிங்கில் பேசியது அதுதான் முதல் தடவை, அதுவும் என் ஹிந்தியில் :-) ஊர்க் கதையைச் சொன்னேன். பாதிப்பேர் சிரித்தார்கள். ஒரு மரத்துக்கு மட்டும் நீ சொல்கிறபடி செய் என்றார்கள். நானும் வாட்ச்மேன் மாமாவும் பேவர் பிளாக்கைப் பெயர்த்து, மண்ணைக் கொத்தி, அடிமரத்தில் எறும்பு ஏறாமல் கிரீஸ் தடவின பட்டை கட்டினோம். டேங்கர்க்காரரைக் கெஞ்சி, பைப்பில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி எட்டின கிளையெல்லாம் கழுவினோம். மற்ற ரெண்டுக்கும் மருந்து.

அடுத்த வருஷம் அப்பா குர்லா எக்ஸ்பிரஸில் வந்தார். இறங்கியதும் என்னைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தார். இலையைத் திருப்பி ஒன்றை நசுக்கினார்.

"மருந்து அடிச்சீங்களா?"

"இதுக்கு அடிக்கலீங்கப்பா." கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு நாந்தானுங்க அடிக்கச் சொன்னேன்" என்றேன். ஏழு வருஷமாகத் தொண்டையில் நின்றது.

"அடிச்சது நாந்தான கண்ணு. அஞ்சு தடவ அடிச்சேன். ரெண்டாந் தடவையே தெரிஞ்சுது கேக்காதுன்னு. நீ காசு அனுப்பிச்சுப்போட்டியேன்னு அடிச்சேன்."

அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. டீ குடித்தோம்.

மருந்து அடித்த மரங்களில் ஒன்று 2018-ல் பட்டது. போன ஞாயிறு போனது இன்னொன்று. கழுவின மரம் நிற்கிறது. அதிலும் ஒரு பக்கம் மொட்டைதான், பெருமையடிக்க ஒன்றும் இல்லை. இன்றைக்குச் சாயங்காலம் பார்த்தேன். மிச்சமிருக்கிற பக்கம் இலையை மடக்கிக்கொண்டு தூங்க ஆரம்பித்திருந்தது. அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். "வேருக்குத் தண்ணி ஊத்துங்க" என்றார்.

பி.கு: வீட்டுச் செம்பருத்தியிலோ பப்பாளியிலோ வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் உடனே மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் உற்றுப் பாருங்கள். பழுப்பாக ஊதி, வட்ட ஓட்டையோடு காய்ந்த பூச்சிகள் இருந்தால் குளவி வந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரைப் பீய்ச்சுங்கள், எறும்பை விரட்டுங்கள். குரங்கு மூஞ்சி எதையாவது கண்டால் அதைத் தொடாதீர்கள்.